மயங்கி விழுந்ததை எழுதலாமா?

என் ஒன்றுவிட்ட அண்ணன் மகள் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள். கோடை விடுமுறைக்கு மன்னார்குடி வந்தால் பாட்டி வீட்டில் நாலு நாள், மிச்ச நாளெல்லாம் என் ஸ்கூட்டியின் பின் சீட்டில். கோட்டூர் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் நான் உதவி மருத்துவர்.

போன ஆகஸ்டில் வாட்ஸ்அப்பில் அவளுடைய கட்டுரை வந்தது. அங்கே கால்நடை மருத்துவம் படிக்க விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய, 'நான் ஏன் இதைப் படிக்க வேண்டும்' என்ற கட்டுரை. கூடவே, "அத்தை, எங்கெல்லாம் வீக்கா இருக்குன்னு சொல்லுங்க" என்று ஒரு வரி.

நமக்கு இந்தச் சமாச்சாரம் கொஞ்சம் புதுசு. ஒரத்தநாட்டில் 2012-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தபிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு அந்த ஆசை வந்திருக்கிறது. ஆனால் யாரும் அவர்களை "ஏன் மாட்டு டாக்டர் ஆகணும்?" என்று கேட்பதில்லை. பிளஸ் டூ மதிப்பெண் பேசும், அவ்வளவுதான். அமெரிக்காவில் பெரும்பாலும் ஒரு பட்டப்படிப்பை முடித்துவிட்டு, அதற்குமேல் நாலு வருடம். பெரும்பாலான கல்லூரிகளுக்கு வி.எம்.சி.ஏ.எஸ். என்ற ஒரே பொது விண்ணப்பம். கட்டுரைக்கு 3,000 எழுத்துகள், இடைவெளியும் அதில் சேர்த்தி.

படித்தேன். "சின்ன வயதிலிருந்தே விலங்குகள் மீது எனக்குக் கொள்ளை ஆசை" என்று ஆரம்பித்தது. விண்ணப்பிக்கிற யாருக்குத்தான் ஆசை இல்லை? அதை அடிக்கச் சொன்னேன். அடுத்து, ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் 'சி' கிரேடு வாங்கிய கதை. பேராசிரியர் சரியில்லை, ரூம் மேட் தூங்கவிடவில்லை, தாத்தா இறந்துபோனார் என்று பாதிக் கட்டுரையை அதுவே தின்றிருந்தது. குறைக்கச் சொன்னேன். அடுத்த பிரதியில் அந்த 'சி' மொத்தமாகக் காணாமல் போயிருந்தது.

"சொன்னா ஏன் சொல்றேங்கறீங்க, சொல்லலைன்னா ஏன் சொல்லலைங்கறீங்க" என்று போனில் சிணுங்கினாள்.

மதிப்பெண் பட்டியல் தனியாகப் போகத்தானே போகிறது. கட்டுரையைப் படிப்பவர் அதையும் பார்ப்பார். நானே ஒருமுறை மேல்படிப்பு நேர்காணலுக்குப் போனபோது, இரண்டாம் வருடத்து அரியர் ஒன்றைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் என்று நம்பிப் போனேன். முதல் கேள்வியே அதுதான். பதில் தயாராக இல்லாமல் நான் உளறியது இன்றைக்கும் காதில் விழுகிறது.

ஆனால் அவள் கட்டுரையில் என்னை உறுத்தியது அந்த 'சி' இல்லை. "ஒரு கடினமான பிரசவத்தில் உதவினேன்" என்ற ஒற்றை வரி. அந்த ராத்திரி நானும்தானே அங்கே இருந்தேன்.

முந்தைய வருடம் ஜூலை. ராத்திரி பத்து மணிக்கு மேல் அழைப்பு. உம்பளாச்சேரி இனப் பசு, தலையீத்து. பனிக்குடம் உடைந்து நேரமாகிவிட்டது. கன்றின் மூக்கும் ஒரு முன்னங்காலும் வெளியே தெரிகின்றன, இன்னொரு கால் முட்டியில் மடங்கி உள்ளேயே கிடக்கிறது. வீட்டுப் பெரியவரிடம், "முன்னாடி யாராவது ஊசி போட்டாங்களா?" என்று கேட்டேன். "இல்லீங்க டாக்டரம்மா" என்றார். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கையை விட்டால் கர்ப்பப்பை கன்றைக் கவ்விப் பிடித்திருக்கிறது. கன்றை உள்ளே தள்ளினால்தான் மடங்கிய காலை நிமிர்த்த இடம் கிடைக்கும். இம்மியும் நகரவில்லை. மறுபடி கேட்டேன். பெரியவர் கூரையைப் பார்த்தார். அவருடைய மருமகள்தான் வைக்கோல் ஓரத்திலிருந்து காலி மருந்துக் குப்பியை எடுத்து நீட்டினாள். மாலையில் யாரோ வந்து, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற ஆக்சிடோசின் ஊசியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வழி அடைத்திருக்கும்போது முக்க வைத்தால் கர்ப்பப்பை கிழியக்கூட வாய்ப்பு உண்டு. அப்புறம் இறுக்கம் தளர மருந்து கொடுத்து, காத்திருந்து, குளம்பை உள்ளங்கையில் பொத்தி மெதுவாக இழுத்தேன். கால் நிமிர்ந்து வந்த அந்த நொடியில் வெளிச்சம் போய்விட்டது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த அண்ணன் மகள் மயங்கி, மாட்டுக்குத் தீனி போடும் கவணையின் விளிம்பில் நெற்றி மோதி விழுந்திருந்தாள். மருமகள் ஒரு கையால் டார்ச்சை எடுத்துப் பிடித்தபடி இன்னொரு கையால் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். கன்று பிழைத்தது. செவலை நிறம், நெற்றியிலும் காலிலும் வெள்ளை.

"இதை எழுதேன்" என்றேன்.

"அத்தை! மயங்கி விழுற பொண்ணுக்கு யாரு சீட் கொடுப்பா?"

"விழுந்ததோட நிறுத்தினா கொடுக்கமாட்டாங்க. மறுநாள் காலையில என்ன செஞ்ச?"

மறுநாள் விடியும் முன்னே வாசலில் வந்து நின்றாள், நெற்றியில் பிளாஸ்திரியோடு. கண் இருட்டுகிற மாதிரி இருந்தால் வெட்கப்படாமல் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள் என்று சொல்லிக் கொடுத்தேன். (நான் முதல் பிரேதப் பரிசோதனையில் வாந்தியே எடுத்தவள். அதையும் அன்றுதான் அவளிடம் சொன்னேன்.) அந்த மாதத்தில் இன்னும் மூன்று கன்று ஈனல் பார்த்தாள். ஒன்றில் உட்கார்ந்தாள். மற்ற இரண்டிலும் நின்றாள்.

கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. பிறகு, "அந்தத் தாத்தா குப்பியை ஒளிச்சு வச்ச மாதிரிதான் நானும் பண்ணியிருக்கேனா?" என்றாள். நான் சொல்லவில்லை, அவளேதான் சொன்னாள்.

அடுத்த பிரதியில் 'சி'க்கு மூன்றே வாக்கியம்: தாத்தா இறந்த செமஸ்டரில் வாங்கினேன், அடுத்த கோடையில் அதே பாடத்தைத் திரும்ப எடுத்தேன், அதற்கப்புறம் உயிர்வேதியியலில் 'ஏ'. பேராசிரியரையும் ரூம் மேட்டையும் காணோம். மிச்ச இடமெல்லாம் கொட்டகைக்கு.

விண்ணப்பத்தில் காட்டவேண்டிய அனுபவ மணிநேரத்தில் மட்டும் இன்னொரு தகராறு. பாட்டி வீட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டியது, சாணி அள்ளியது எல்லாவற்றையும் கால்நடை மருத்துவ அனுபவம் என்று போட்டு வைத்திருந்தாள். மருத்துவர் மேற்பார்வையில் செய்தால்தான் அந்தக் கணக்கு, மற்றதெல்லாம் விலங்கு அனுபவம் என்ற தனிக் கட்டத்தில் வரும். மாற்றச் சொன்னேன். எண்ணிக்கை குறைந்ததில் அவளுக்கு வருத்தம்தான். பாட்டிக்கு அதைவிட வருத்தம். "நான் சொல்லிக் கொடுத்ததுக்குக் கணக்கே இல்லையா?" என்று கேட்டார்.

பரிந்துரைக் கடிதம் நான் எழுத வேண்டும். கடைசி நாள் செப்டம்பர் நடுவில். அதில் நானும் மயக்கத்தை எழுதினேன். "வலது புருவத்துக்கு மேல் அடிபட்டும்" என்று எழுதிவிட்டுச் சந்தேகம் வந்து அவளைக் கூப்பிட்டேன். அங்கே நடு ராத்திரி.

"இடது, அத்தை. தழும்பு இன்னும் இருக்கு" என்றாள் தூக்கக் கலக்கத்தில்.

திருத்திவிட்டு அனுப்பினேன்.