ரூபின்ஸ்டைன் கறுப்பில் வென்ற ஆட்டம்: நான்கு நாள் குறிப்புகள்

ஜூன் 3

சதுரங்க ஆட்டம்: ரோட்லெவி (வெள்ளை) – ரூபின்ஸ்டைன் (கறுப்பு), இன்றைய போலந்தின் வூட்ஜ் நகரம், 1907. டி5, இ6, சி5 என்று மையத்தில் நேரடியாக மோதும் தாராஷ் தற்காப்பு என்ற தொடக்க முறை. இருபத்தைந்தே நகர்த்தலில் கறுப்பு வெற்றி. எல்லோரும் கடைசி நான்கு நகர்த்தலைத்தான் பேசுவார்கள். வெள்ளை சறுக்கியது அதற்கு வெகு முன்பே.

15-வது நகர்த்தலில் வெள்ளை கோட்டை கட்டியதும் (ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறுவது) பலகையைப் பாருங்கள். இரு அணியும் அச்சு அசல் ஒன்றுபோல. ஆனால் கறுப்பு யானை ஒன்று ஏற்கெனவே டி8-இல் நிற்கிறது, அடுத்த முறையும் கறுப்புக்கே. வெள்ளை மந்திரி டி3, சி4, மறுபடி டி3 என மூன்று முறை நகர்ந்தது. கறுப்பு மந்திரி சி5, டி6 என இரண்டே முறை. வெள்ளை ராணி டி2 போய் இ2 வந்தது. கறுப்பு ராணி நேரே இ7. ஆக, வெள்ளைக்கு இரண்டு நகர்த்தல் வீண்.

ஜூன் 4

சி4 சிப்பாயை வெட்ட ரூபின்ஸ்டைன் 11-வது நகர்த்தல் வரை காத்திருந்தார். வெள்ளை மந்திரி டி3-க்கு வந்த மறுகணமே வெட்டினார். முன்பே வெட்டியிருந்தால் அது எஃப்1-இலிருந்து ஒரே எட்டில் சி4-க்கு வந்திருக்கும். பலர் அவசரப்பட்டு வெட்டி, எதிராளிக்கு ஒரு நகர்த்தலை இனாமாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஜூன் 6

15...குதிரை இ5 (மூன்று புள்ளி என்றால் கறுப்பின் நகர்த்தல்). குதிரைகள் வெட்டுப்பட்டு மந்திரி இ5-இல் அமர்ந்ததும் மிரட்டல்: எச்2-இல் மந்திரியைக் கொடுத்து, டி6-இல் ராணியால் செக், பிறகு டி3 மந்திரியை வெட்டுவது. லாபம் ஒரு சிப்பாய். தடுக்க வெள்ளை எஃப்4, பின் இ4, இ5 என்று தள்ளியது. பி6-இலிருந்து ஜி1 வரை மூலைவிட்டம் திறந்துகொண்டது. சி7-க்குப் பின்வாங்கியிருந்த கறுப்பு மந்திரி பி6 செக், வெள்ளை ராஜா எச்1, கறுப்பு குதிரை ஜி4!

ஜூன் 7

கறுப்பு ராணி எச்4-க்கு வந்ததும் எச்2-இல் மேட் மிரட்டல், வெள்ளை ஜி3. இப்போது டி3-இலிருந்து வந்து இ4-இல் நிற்கும் வெள்ளை மந்திரிக்கு இரண்டு காவல்: சி3 குதிரை, இ2 ராணி. கறுப்பு யானை ஒன்று அந்தக் குதிரையைத் தின்றது, சொந்த ராணி வெட்டில் நிற்கும்போதே! வெள்ளை அந்த ராணியை எடுத்ததும் அடுத்த யானை டி2-இல் பாய்ந்து வெள்ளை ராணியை இழுத்தது. அந்த யானையை ராணி எடுக்க, பி7 மந்திரி இ4-ஐ வெட்டிச் செக். ராணி ஜி2-இல் குறுக்கே வந்து அங்கேயே கட்டுண்டது: அந்த மூலைவிட்டத்தை விட்டு விலகினால் ராஜாவுக்குச் செக். 25...யானை எச்3. வெள்ளை தோல்வியை ஒப்புக்கொண்டது. யானை எஃப்3 என்று ஆடினாலும் கறுப்பு மந்திரி அதை வெட்டும், வெள்ளை ராணி அந்த மந்திரியை வெட்டும், கறுப்பு யானை எச்2-இல் மேட்.