தோட்டத்தை விற்பதற்குள் அப்பா பெயரே பாடாய்ப் படுத்திவிட்டது

பினாங்கின் பாலிக் புலாவில் அப்பா வாங்கிப் போட்ட மூன்று ஏக்கர் டுரியான் தோட்டம் ஒருவழியாகக் கைமாறிவிட்டது. விலை பேசுவதுதான் பெரும்பாடு என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள், அது ஒரே மாலையில் ஒட்டுக்கடையில் தே தாரிக்கோடு முடிந்தது. உயிரை எடுத்தது அதற்கு முந்திய வேலை, அதாவது கிராணை (நிலப் பட்டாவை) இறந்துபோன அப்பா பெயரிலிருந்து எடுப்பது.

ஜார்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம், பெயர் வேண்டாம். அங்கிருந்த கிளார்க் எடுத்த எடுப்பிலேயே, "தோட்டமும் வீடும் சேர்ந்தால் இரண்டு மில்லியனைத் தாண்டும், உயர்நீதிமன்றம்தான்" என்றார். எனக்குச் சந்தேகம், நானே நேரில் போய் விசாரித்தேன். உயில் இல்லாத சொத்தை நீதிமன்றம் போகாமல் நில அதிகாரி முன்னால் பிரித்துக்கொள்ளும் முறைக்குச் சிறு பூசாக்கா என்று பெயர், 2024 ஜூலையிலிருந்து அதன் வரம்பு ஐந்து மில்லியன் ரிங்கிட். உயில் இல்லை, நிலம் இருக்கிறது, தொகையும் அதற்குள்தான், அப்படியானால் நீதிமன்றமே தேவையில்லை. இதைச் சொன்னதும் அவர், "ஆமா, இப்ப மாத்திட்டாங்க" என்று ஏதோ நான்தான் தாமதமாகத் தெரிந்துகொண்டது மாதிரி தலையாட்டினார்.

சரி, மனு போட்டாயிற்று. விசாரணை நாளும் வந்தது, அக்கா ஜொகூரிலிருந்து லீவு போட்டு ராத்திரி பஸ்ஸில் வந்து சேர்ந்தார், அம்மாவுக்கு முழங்கால் வலி, அவரைக் கைத்தாங்கலாக மாடியேற்றி உட்கார வைத்தோம். அதிகாரி கிராணைப் பார்த்தார், மரணச் சான்றிதழைப் பார்த்தார், மறுபடியும் கிராணைப் பார்த்தார். கிராணில் அப்பா பெயர் ஆங்கில 'ஐ'யில் (I) முடிகிறது, சான்றிதழில் 'ஒய்' (Y). போதாததற்கு கிராணில் இருப்பது பழைய ஐசி (அடையாள அட்டை) எண். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டுவிட்டு ஒத்தி வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பொறுமையாகத்தான் பேசினார். எங்கள் ஃபைலை மாதக்கணக்கில் கையில் வைத்திருந்த கிளார்க்தான், "அதை நீங்கதானே சொல்லியிருக்கணும்" என்றார் பாருங்கள், அன்றைக்கு அம்மா மட்டும் பக்கத்தில் இல்லையென்றால் நான் என்ன பேசியிருப்பேனோ தெரியாது.

நம் அப்பா, தாத்தா காலத்து கிராண்களில் இது சர்வசாதாரணம், யார் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதி வைத்திருப்பார்கள். அதனால் மனு போடும் முன்பே கிராணையும் ஐசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒருவருடையதுதான் என்று தேசியப் பதிவிலாகாவில் கடிதம் வாங்குங்கள், அப்புறம் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் ஒரு பிரமாணப் பத்திரம். இந்த இரண்டு தாளும் இருந்ததால் அடுத்த விசாரணை சீக்கிரமே முடிந்தது. அக்கா வரவில்லை, சம்மதப் படிவம் மட்டும் அனுப்பினார்.

அப்பாவைப் பெற்ற தாத்தா பாட்டி இப்போது இல்லாததால் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகளுக்கு. நாங்கள் எல்லாவற்றையும் அம்மாவுக்கே விட்டுக்கொடுத்துவிட்டோம். விற்கும்போது ஒரே கையெழுத்து, அந்த நிம்மதியே தனி.

விற்பனைக்கு வேறு வழக்கறிஞர், கெட்டிக்காரப் பெண். வாங்க வந்தவர்கள் நான்கு நண்பர்கள், சமபங்கு. விவசாய நிலத்தைப் பலர் பெயரில் எழுதும்போது ஒருவர் பங்கு 0.4 ஹெக்டேருக்குக் கீழே போகக்கூடாது, நிலச் சட்டம் அப்படி. மூன்று ஏக்கரை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 0.3 ஹெக்டேர்தான் வரும். அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்து கடைசியில் இரண்டு பேர் பெயரில் எழுதினார்கள். அதில் நாங்கள் இழந்தது சில வாரங்கள். நிலவரியை மே 31க்குள் கட்டிவிடுங்கள், பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் நகராது.

இன்னொன்றும் உண்டு, எந்தத் தரகரும் சொல்லாதது. ஒப்பந்தம் போட்டு மீதிப் பணம் வர வழக்கமாக மூன்று மாதம், தேவைப்பட்டால் மேலே ஒரு மாதம். எங்களுக்கு அதற்கு நடுவில் டுரியான் விழ ஆரம்பித்துவிட்டது. வாங்குபவர்கள் ஒரு நாள் காலையில் மரத்தடியில் வலையோடு நிற்கிறார்கள். "பணம் முழுசா வரலையே, பழம் மட்டும் எப்படிப்பா உங்களுது?" என்று அம்மா கேட்டதற்கு அவர்களிடம் பதில் இல்லை, ஒப்பந்தத்திலும் ஒரு வரி இல்லை. பேசிப் பேசிப் பாதிக்குப் பாதி என்று முடிந்தது. பருவம் முடியும்வரை பழம் யாருக்கு, காவலுக்கு யார் ஆள் போடுவது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள், முன்பணம் வாங்குகிற அன்றைக்கே.