மூடியில் வைக்க வேண்டிய காய்

பலகையில் கறுப்பு, வெள்ளைக் காய்களை மாறி மாறி வைத்து இடத்தை வளைக்கும் கோ ஆட்டத்தில் காய்க் கிண்ணத்துக்கு ஒரு மூடி உண்டு. ஆட்டம் தொடங்கும்போது அதைக் கழற்றி மல்லாத்தி வைப்பார்கள். எதிராளியிடமிருந்து பிடித்த காய்களை அதில் போட்டு வைப்பது ஜப்பானிலும் கொரியாவிலும் வழக்கம். அங்கே கடைசிக் கணக்கில் அந்தக் காய்களும் சேரும். சீனாவில் பலகையில் நிற்பதையும் சுற்றி வளைத்த இடத்தையும் மட்டும் எண்ணுகிறார்கள். பிடித்த காய் மேசையில் சிதறிக் கிடந்தாலும் அங்கே யாரும் கண்டுகொள்வதில்லை.

2025 ஜனவரியில் சியோலில் நடந்த எல்ஜி கோப்பை இறுதிப் போட்டி இந்த மூடியில்தான் இடறி விழுந்தது. பிடித்த காயை மூடியில் வைக்காவிட்டால் எச்சரிக்கையும் இரண்டு புள்ளி அபராதமும், ஒரே ஆட்டத்தில் இரண்டாவது எச்சரிக்கை வந்தால் தோல்வி என்று கொரியச் சங்கம் அதற்குச் சில மாதங்கள் முன்புதான் விதி கொண்டுவந்திருந்தது. முதல் ஆட்டத்தை வென்றிருந்த சீனாவின் கே ஜியே இரண்டாம் ஆட்டத்தில் இரண்டு முறை எச்சரிக்கை வாங்கித் தோற்றார். மூன்றாம் ஆட்டத்தில் மறுபடியும் அதே அபராதம். நடுவர் ஆட்டத்தை நிறுத்திய நேரம் சரியில்லை என்று சொல்லி அவர் தொடர மறுத்தார். கோப்பை கொரியாவின் பியோன் சாங்-இல்லுக்குப் போனது. அந்த முடிவை ஏற்க மாட்டோம் என்றது சீனச் சங்கம். எச்சரிக்கைகள் சேர்ந்தால் தோல்வி என்ற பகுதியைக் கொரியச் சங்கம் பின்னர் எடுத்துவிட்டது.

அது சர்வதேச கோ கூட்டமைப்பின் போட்டி இல்லை; தொழில்முறை ஆட்டக்காரர்களின் போட்டி. ஆனாலும் கூட்டமைப்பு அலுவலக வேலை என்னவென்று கேட்பவருக்கு இந்த மூடியைக் காட்டினாலே போதும்: வெவ்வேறு விதிக்குப் பழகியவர்களை ஒரே மேசையில் ஆட வைப்பதுதான் அது. 1982-இல் டோக்கியோவில் தொடங்கிய அமைப்பு இது. உலக அமெச்சூர் போட்டி அதற்கும் மூன்று ஆண்டு மூத்தது. இன்று எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்கள். ஓட்டு உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. பணமும் வலுவான ஆட்டக்காரர்களும் பெரும்பாலும் கிழக்காசியாவில். ஆட்டத்தின் பெயரே மூன்று: ஜப்பானில் இகோ, சீனாவில் வெய்ச்சி, கொரியாவில் பாதுக். உலகத்துக்கு ஜப்பான் வழியாகப் போனதால் 'கோ' என்ற பெயர் நிலைத்தது. (தமிழில் அதற்கு அரசன் என்று பொருள் வருவது நமக்கு மட்டும் கிடைத்த கொசுறு.) சதுரங்கக்காரர்களுக்கு உலகெங்கும் ஒரே விதிப்புத்தகம். இங்கே போட்டி அறிவிக்கும்போதே எந்த நாட்டு விதி என்று சொல்லியாக வேண்டும்.

பெரும்பாலான ஆட்டங்களில் எந்த விதிப்படி எண்ணினாலும் வெற்றி அதே ஆளுக்குத்தான். வித்தியாசம் அநேகமாக ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். "அப்புறம் எதற்கு இத்தனை சண்டை?" என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். அரைப் புள்ளியில் முடியும் ஆட்டங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்காகத்தான்.

கோமியை எடுத்துக்கொள்வோம். முதலில் ஆடும் கறுப்புக்கு உள்ள சாதகத்தை ஈடுகட்ட வெள்ளைக்குத் தரும் புள்ளி அது. ஜப்பானிலும் கொரியாவிலும் 6.5, சீனாவில் 7.5. இந்த ஒரு புள்ளி வேறுபாட்டைப் பேசித் தீர்த்துவிடலாம் என்று நினைத்து இறங்குபவர்கள் கணக்கில் மாட்டிக்கொள்வார்கள். பலகையில் 19-க்கு 19 கோடுகள், அவை வெட்டும் சந்திகள் மொத்தம் 361, ஒற்றைப்படை எண். சீன முறையில் எல்லாச் சந்தியும் யாராவது ஒருவருக்குப் போய்ச் சேர்வதால், பங்கிட முடியாத இடம் மிஞ்சும் அபூர்வ ஆட்டம் தவிர, வித்தியாசமும் 5, 7, 9 என்று ஒற்றைப்படையிலேயே வரும். அப்படியானால் கோமி 5.5 என்றாலும் 6.5 என்றாலும் கறுப்பு 7 முந்தினால் போதும், இரண்டும் ஒன்றுதான். 7.5 ஆக்கினால் ஒரேயடியாக 9 வேண்டும். இடைப்பட்ட படியே கிடையாது. ஜப்பானிய முறையில் ஒவ்வொரு புள்ளியும் தனிப்படி. ஆகவே "எல்லாரும் 6.5 வைத்துக்கொள்வோம்" என்பது கேட்க நியாயமாக இருக்கும், சீன முறையில் அது பழைய 5.5-க்கே திரும்பிப் போவதற்குச் சமம்.

எண்ணும் விதமும் வேறு. சீன முறையில் நடுவர் ஒரு நிறத்தை மட்டும் எண்ணுவார்: கறுப்புக்கு 185 வந்தால் வெற்றி, 184 என்றால் தோல்வி. ஜப்பானிய முறையில் யாருக்கும் சேராத இடங்களை முதலில் நிரப்பி, மூடியிலுள்ள காய்களை எதிராளியின் நிலத்தில் இட்டு, மிச்சத்தைப் பத்துப் பத்தாக எண்ண வசதியாகக் கட்டம் கட்டுவார்கள். ஒரு காய் மேசைக்கடியில் உருண்டு போயிருந்தால் ஒரு புள்ளி போயிற்று. சீனப் பழக்கத்தில் வந்தவர் கடைசியில் எதற்கும் இருக்கட்டும் என்று தன் நிலத்துக்குள்ளேயே ஒரு காய் வைப்பார். அங்கே அதற்கு நஷ்டமில்லை. ஜப்பானிய முறையில், எதிராளி பதில் ஆடாமல் விட்டால், ஒரு புள்ளி போய்விடும். அமெரிக்கச் சங்கத்தின் விதி இந்த இடத்தில் சாமர்த்தியமானது: 'பாஸ்' (இந்த முறை ஆடவில்லை) சொல்பவர் ஒரு காயை எதிராளிக்குக் கைதியாகத் தர வேண்டும், கடைசி பாஸ் வெள்ளையுடையதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான், எந்த முறையில் எண்ணினாலும் ஒரே விடை. இருப்பதிலேயே சுத்தமான ஏற்பாடு இதுதான். ஆனால் மூன்று பெரிய நாடுகளில் எதுவும் சொந்தம் கொண்டாடாத விதி என்பதால், பாராட்டோடு நின்றுவிட்டது.

உலக அமெச்சூர் போட்டியில் நாட்டுக்கு ஒருவர், சுவிஸ் முறையில் (யாரும் வெளியேறாமல், ஏறக்குறைய சம வெற்றி உள்ளவர்களை ஜோடி சேர்ப்பது) எட்டுச் சுற்று, நாளைக்கு இரண்டாக நான்கு நாள். கால அட்டவணை போடும்போது முதல் தப்பு 'பியோயோமி'யில், அதாவது நேரம் தீர்ந்தபின் தரும் கூடுதல் வினாடிகளில், நடக்கும். ஆளுக்கு 60 நிமிடம், அது தீர்ந்தால் ஒரு நகர்வுக்கு 30 வினாடி என்று வையுங்கள். 30 வினாடிக்குள் ஆடினால் நேரம் மறுபடி நிரம்பிவிடும், ஆக மேல் வரம்பே கிடையாது. அந்த நிலையில் ஆளுக்கு 80 நகர்வு மிச்சமிருந்தால் இருவருக்கும் சேர்த்து இன்னும் ஒரு மணி இருபது நிமிடம். காலை 9.30-க்குத் தொடங்கியது 12.50-க்கு முடியும், அதன்பின் எண்ண வேண்டும், முடிவு வாங்க வேண்டும், அடுத்த ஜோடி போட வேண்டும். பகல் ஆட்டம் 1.30 என்று அச்சடித்திருந்தால் சாப்பாடு போச்சு. ஒருவர் மாற்றி ஒருவர் ஒற்றைக் காயைத் திரும்பத் திரும்பப் பிடிக்கக்கூடிய நிலைக்கும் 'கோ' என்றுதான் பெயர்; அப்படி மூன்று ஒரே நேரத்தில் சுழன்று முடிவில்லாமல் ஓடும் நிலை ஜப்பானிய விதியில் 'முடிவில்லை' என்று ஆகும். மறு ஆட்டம் வைக்க வேண்டும். அபூர்வம்தான். ஆனால் அது வந்தால் எப்போது, எவ்வளவு நேரத்தோடு மறு ஆட்டம் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும்.

சமமாக நிற்பவர்களில் யார் முந்தியவர் என்று தீர்மானிக்கும் டை-பிரேக்தான் அதிகம் மனக்கசப்பு தருவது. எட்டில் ஏழு வென்றவர்கள் மூவர், ஒருவரை ஒருவர் சுழற்சியாக வென்றிருந்தால் நேரடி மோதலைப் பார்த்துப் பயனில்லை. எதிராளிகள் பெற்ற வெற்றிகளைக் கூட்டிப் பார்க்கிறோம். அதுவும் சமமானால் எதிராளிகளின் எதிராளிகள் வரை போகிறோம். முதல் சுற்றில் உங்களிடம் தோற்றவர் ஐந்தாம் சுற்றில் காய்ச்சலில் படுத்துவிட்டால் உங்கள் கூட்டல் குறைகிறது. பதக்கம் உங்கள் கையில் இல்லை, அவர் உடம்பில் இருக்கிறது. ஆகவே விலகியவரின் ஆடாத சுற்றுகளை எப்படிக் கணக்கிடுவது என்று முதல் சுற்றுக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும். பிறகு எப்படிச் சொன்னாலும் ஒரு நாட்டுக்குச் சாதகமாகச் செய்ததாகவே தெரியும்.

ஒற்றைப்படை எண்ணிக்கையும் தொல்லை. ஒருவருக்கு விசா மறுத்துவிட்டால் 58 பேர் 57 ஆவார்கள். அதற்காகவே போட்டி நடத்தும் ஊரில் ஓர் உள்ளூர் ஆட்டக்காரரைத் தயாராக வைத்திருப்பது நல்லது. நடுத்தர பலம் உள்ளவர் வேண்டும். மிக வலுவானவரை உட்கார்த்தினால் அவரிடம் சிக்கிய நாட்டுக்காரர் புகார் எழுதுவார். பலத்தை அளப்பதிலும் குழப்பம் உண்டு. ஆட்டக்காரரின் தரத்தைக் குறிக்கும் படிக்கு 'தான்' என்று பெயர்; ஜப்பானில் சான்றிதழோடு வாங்கிய அமெச்சூர் 'தான்' ஐரோப்பிய 'தான்' அளவுக்கு இராது. ஐரோப்பாவில் ஒரு தரத்துக்கு 100 புள்ளி, முதல் தான் 2100 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வந்தவர் சொன்ன தரத்தை அப்படியே நம்பி ஜோடி போட்டால் முதல் இரண்டு சுற்று வீணாகும். அந்த நாட்டின் கடந்த ஆண்டுகளின் இடத்தைப் பார்ப்பதே மேல்.

2016-இல் சியோலில் ஆல்பாகோ என்ற கணினி நிரல் 4-1 என்று கொரியாவின் முன்னணி ஆட்டக்காரர் லீ செடோலை வென்றபின் கைபேசியும் நடுவர் வேலைக்குள் வந்தது. யாரும் ஒவ்வொரு நகர்வுக்கும் கைபேசியில் கணினியைக் கேட்டு ஏமாற்றுவதில்லை. நெருக்கடியான இரண்டு இடத்தில் கேட்டுக்கொண்டால் போதும். நகர்வுகள் கணினியோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகின்றன என்று பார்ப்பதில் பிடிபடுவதைவிட, நல்ல ஆட்டக்காரர் மேல் வீண்பழி விழும் வாய்ப்பே அதிகம். கைபேசியை நுழைவாயிலில் வாங்கி வைப்பதும், கழிப்பறைக்குப் போனவர் நேரத்தைக் குறித்துக்கொள்வதும் பழைய வைத்தியம், அதற்குத்தான் பலன்.

முந்தைய நாள் மாலை அணித் தலைவர்கள் கூட்டம் நடக்கும். நீண்ட பயணக் களைப்பில் பாதிப் பேர் தூங்கி வழிவார்கள். அங்கே பேச்சு வேண்டாம், ஒரு பலகையும் இரண்டு கிண்ணமும் கடிகாரமும் வைத்துக்கொண்டு செய்து காட்டுங்கள்: காய் வைத்த கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும், பிடித்த காயை எடுத்து முடித்த பிறகே அழுத்த வேண்டும், மூடி எதிராளி கண்ணில் படும்படி இருக்க வேண்டும், எண்ணத் தொடங்கும்முன் இருவரும் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றையும் சொல்லி முடிக்கும் வரை அடுத்ததற்குப் போகக் கூடாது. கொஞ்சம் சலிப்பார்கள். சலிக்கட்டும்.