சிவனொளிபாத மலைக்கு இந்தமுறை அம்மாவோட

போன வருசம் ஆடியில உகந்தை முருகன் கோயில் தீர்த்தம் முடிஞ்ச கையோட சிவனொளிபாத மலையும் ஏறிட்டு வருவம் எண்டு வெளிக்கிட்டம், எங்கட மட்டக்களப்புப் பக்கம் மண் கொதிக்கிற வெயில், அங்கயும் அப்பிடித்தான் இரிக்கும் எண்டு நினைச்சிட்டன். மலையடியில நல்லதண்ணியில இறங்கினா விடாத மழை, படியில லைட் இல்ல, தேத்தண்ணிக் கடையெல்லாம் பூட்டு. எங்களுக்கு கோடை எண்டா மலையில அது தென்மேல் பருவமழை. சீதகங்குல ஆத்தடியில அம்மாக்கு கால் வழுக்கிட்டு, அங்கயே தண்ணியத் தொட்டுக் கும்பிட்டுட்டு கிறுகி வந்திட்டம். வரக்குள்ள அம்மா ஒண்டும் பேசல. வீட்ட வந்து மஞ்சள் துணியில காசு முடிஞ்சு சாமிப் படத்தடியில வச்சா, இன்னும் அங்கதான் இரிக்கு.

இந்தமுறை பிழை விடமாட்டன். மலை ஏறுற சீசன் மார்கழிப் போயாவில, அதாவது பௌர்ணமியில தொடங்கி வைகாசி வெசாக் போயாவோட முடிஞ்சிரும், அதால சித்திரை வருசப்பிறப்பு கழிஞ்ச உடனேயே போறம். போயா நாளும் சனி ஞாயிறும் வேணாம், படியில நிக்க இடமிரிக்காது. செங்கலடியால பதுளை ரோட்டப் பிடிச்சு நுவரெலியா, ஹட்டன், மஸ்கெலியா.

2243 மீட்டர், 5000க்கு மேல படி. நான் முந்தி ரெண்டுதரம் ஏறினது இளந்தாரி வயசில, ராவு 2 மணிக்கு தொடங்கி விடியமுதல் மேல நிண்டன். அம்மாவோட அது சரிவராது, 10 மணிக்கே வெளிக்கிட்டு கடைக்கு கடை இருந்து இருந்துதான் போகணும். முழங்கால் பழகட்டும் எண்டு ஞாயிறு ஞாயிறா தாந்தாமலைக்கு கூட்டிப்போய் ஏத்துறன், முதல் கிழமை மூண்டு இடத்தில இருந்தா, இப்ப ஒரே இடத்திலதான். ஸ்வெட்டரும் காதுத் தொப்பியும் கட்டாயம், மேல காத்து எலும்புக்குள்ள போகும்.

மலை உச்சியில இரிக்கிற அந்தப் பாத அடையாளம் எங்களுக்கு சிவன்ட, சிங்கள ஆக்களுக்கு புத்தர்ட, முஸ்லிம் ஆக்களுக்கு ஆதம் நபிட. சூரியன் வெளிக்கிடக்குள்ள ஒரு பக்கம் சாது சாது, ஒரு பக்கம் அரோகரா, அந்தப்பக்கம் திரும்பினா மலைட நிழல் முக்கோணமா விழுந்து கிடக்கும். அத அம்மா பாக்கணும், எனக்கு அதுதான் நேத்தி.

மேல ஒரு மணி இரிக்கு, எத்தினாவது தரம் ஏறுறமோ அத்தினதரம் அடிக்கணும். எனக்கு மூண்டு, அம்மாக்கு ஒண்டு. நேத்து சொல்றா, "மனே, நீ முந்திக்கொண்டு அடிச்சிராத, என்ட ஒண்ட அடிச்சதுக்குப் பிறகு அடி."