மூன்றாவது கோடு

மார்ச் 3
மூன்று கோடுகள் உள்ள என் வரைபடம் திரும்பி வந்துவிட்டது. கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் இரண்டாவது கோடும் மூன்றாவது கோடும் ஒன்றுபோல் இருக்கின்றனவாம். திரையில் ஒன்று செந்தூரம், மற்றது பச்சை.

மார்ச் 4
கணக்குப் போட்டேன். சிவப்பை 0.299, பச்சையை 0.587, நீலத்தை 0.114 ஆல் பெருக்கிக் கூட்டினால் சாம்பல் அளவு கிடைக்கும் (0 கறுப்பு, 255 வெள்ளை). செந்தூரம் (213, 94, 0): 119. பச்சை (0, 158, 115): 106. 255 படிகளில் வெறும் 13 வித்தியாசம்! இரண்டும் ஒகாபே-இட்டோ வரிசை நிறங்கள். நிறக்குறைபாடு உள்ளவர்களுக்காகத் தேர்ந்தவை, அந்த வேலையில் குறையில்லை. சாம்பலுக்கு அவை வாக்குக் கொடுக்கவே இல்லை. அதே வரிசையில் ஆரஞ்சு 162, வான்நீலம் 158. இன்னும் மோசம்.
முதல் கோடு கறுப்பு. அதனால் தொல்லையில்லை.

மார்ச் 5
நிறத்தைத் தொடப்போவதில்லை. கோட்டை இடைவெளி விட்டு வெட்டுவோம்.

மார்ச் 6
படம் வரையும் பைத்தான் நூலகமான மேட்பிளாட்லிப்பில், கோட்டின் பாணியைச் சொல்லும் லைன்ஸ்டைலுக்குப் பெயருக்குப் பதில் எண்களையே கொடுக்கலாம்: (0, (6, 2, 1, 2)). முதல் 0 தொடக்கம். பிறகு மை 6, வெற்று 2, மை 1, வெற்று 2. இவை நேரடியாகப் பாயிண்ட் (அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு) அல்ல, கோட்டின் தடிமனால் பெருக்கப்படும். தடிமன் 1.5 என்றால் ஒரு சுற்று 16.5 பாயிண்ட்.
மூன்றாவது கோட்டுக்கு இதையே கொடுத்தேன். எந்தக் கோடு எது என்று காட்டும் லெஜண்டில் வெட்டின் வரிசை புரியவில்லை. காரணம் சுலபம்: அங்கே மாதிரிக்கோட்டின் நீளம் எழுத்தளவைப்போல் 2 மடங்கு. எழுத்து 7 பாயிண்ட், ஆக 14. ஒரு சுற்றுகூட அதில் அடங்காது. அந்த மடங்கை, அதாவது ஹேண்டில்லெங்த்தை, 5 ஆக்கியதும் 35 பாயிண்ட். இரண்டு சுற்று தெரிகிறது.

மார்ச் 7
வெட்டுமுனைகளை உருண்டையாக்கினேன். ஒவ்வொரு முனையும் 0.75 பாயிண்ட் நீண்டு, 3 பாயிண்ட் இடைவெளியில் பாதியைத் தின்றுவிட்டது. பழையபடி தட்டை முனை.

மார்ச் 9
8 அங்குல அகலத்தில் வரைந்த படத்தைப் பக்கத்துக்காக 3.5 அங்குலமாகச் சுருக்கினால் 1.5 பாயிண்ட் கோடு 0.66 ஆகிவிடும். எழுத்தும் அதே கதிதான். படத்தின் அளவைச் சொல்லும் ஃபிக்சைஸிலேயே அகலம் 3.5 கொடுத்து வரைய வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் கடைசியில் இழுத்துச் சுருக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மார்ச் 10
மூன்றாவது கோடு இன்னும் சரியில்லை. அளவீட்டுத் தரவு, ஓயாமல் மேலும் கீழும் குதிக்கிறது. வெட்டுநீளம் கோட்டின் பாதையோடு அளக்கப்படுகிறது, கிடைமட்டமாக அல்ல. ஒவ்வொரு குதிப்பும் இரண்டு வெட்டுகளை விழுங்கிவிட, மிஞ்சுவது பொடிப்பொடியான மை.

மார்ச் 10, இரவு
மாற்றிப் போட்டால் தீர்ந்தது. குதிக்கும் மூன்றாவதற்கு முழுக்கோடு, தடிமன் 1. வழவழப்பான இரண்டாவதற்கு வெட்டுக்கோடு. சாம்பலாக்கிப் பார்த்தேன், பிரிந்து தெரிகின்றன.

மார்ச் 11
அனுப்பியாயிற்று.

மார்ச் 13
நான்காவது கோடு ஒன்று வேண்டுமாம். மஞ்சள் 213, வெள்ளைத்தாளில் நிற்காது. செவ்வூதா 151. பச்சைக்கு 45 தள்ளி. அதுவும் குதிக்கும் தரவு என்றால்