திசைகாட்டியும் முறுக்கும்

நேத்து ராமநகரா ஊருக்குப் போயிருந்தோம். பெங்களூரிலிருந்து மைசூர் ரோட்டில் சுமார் 50 கி.மீ. காலையில் ஓரியன்டீரிங்: மேப்பும் திசைகாட்டியும் வச்சுக்கிட்டு, புதருக்குள்ள இருக்கிற ஆரஞ்சு-வெள்ளைக் கொடிகளை வரிசையாக் கண்டுபிடிக்கணும். மூணாவது கொடிக்கு நான்தான் வழிகாட்டி. அரை மணி நேரம் சுத்தியும் அதே ஆட்டுப்பட்டிக்கே வந்து நின்னோம். ஆடு மேய்க்கிற தாத்தா சிரிச்சே விட்டார். அப்புறம்தான் பார்த்தா, திசைகாட்டியைப் போனோட சேர்த்துப் பிடிச்சிருக்கேன்! ஸ்பீக்கர் காந்தம் முள்ளை இழுத்திருக்கு.

மதியம் பாறை ஏறினோம். கருங்கல் சரிவுல கைக்கு ஒண்ணும் சிக்காது, ஷூ ரப்பரை நம்பித்தான் நிக்கணும். பாதியில கால் கிடுகிடுன்னு ஆட ஆரம்பிச்சிடுச்சு. கீழே கயிறு பிடிச்சிருந்தவன், "மச்சி, நான் இருக்கேன்டா"ன்னான். வாயில முறுக்கு.

உச்சியைத் தொட்டுட்டேன். இறங்கி வந்தப்போ முறுக்குதான் மிச்சமில்லை.