டேங்க் மோட்டாரை வீட்டு வைஃபையில் இணைத்தேன்: இதுவரை வந்த தூரம்

வீட்டுச் சாதனங்களை இணைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பல்பில் தொடங்குவார்கள். நான் தண்ணி மோட்டாரில் தொடங்கினேன், எங்கள் வீட்டில் தினமும் ஆள் தேவைப்படுகிற வேலை அதுதான். முதலிலேயே முடிவு செய்த ஒன்று: இன்டர்நெட் போனாலும் எல்லாம் ஓட வேண்டும், வெளியே எந்த சர்வரையும் நம்பக் கூடாது.

மேலே டேங்க் மூடியில் ஒரு இஎஸ்பி8266 போர்டு (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர்), தண்ணீர் பட்டாலும் கெடாத அல்ட்ராசோனிக் சென்சாரோடு; ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்து அது தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும். கீழே மோட்டார் பக்கத்தில் இன்னொன்று. நடுவில் ஹாலில் ஒரு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர், அதில் வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளும், எம்க்யூடிடி என்ற முறையில் வரும் செய்திகளை வாங்கிக் கொடுக்கும் மொஸ்கிட்டோ புரோக்கரும் ஓடுகின்றன. சென்சார் 5 வோல்ட்டில் பதில் தரும், போர்டின் பின்களோ 3.3 வோல்ட்டுக்கானவை, அதனால் இடையில் 1கே, 2கே ரெசிஸ்டர் போட்டுக் குறைத்தேன். இந்த சென்சார் கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டருக்குள் இருப்பதைச் சரியாக அளக்காது, எனவே தண்ணீர் அந்த உயரத்தைத் தொடாதபடி மூடிக்கு மேல் ஒரு பிவிசி குழாய்த் துண்டு வைத்து ஏற்றிப் பொருத்தியிருக்கிறேன்.

மோட்டாரை போர்டு இயக்கும் சின்ன ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) நேராகக் கொடுக்கவே கூடாது. 1 எச்பி மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும், ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காது. அதனால் ரிலே, கான்டாக்டரின் (பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்ச்) காயிலை மட்டும் இயக்குகிறது, கான்டாக்டர்தான் மோட்டாரை இயக்குகிறது. வயரிங்கை எலக்ட்ரீஷியன் அண்ணன் செய்து கொடுத்தார். பழைய சுவர் சுவிட்சும் அப்படியே வேலை செய்கிறது, அம்மாவுக்கு போன் தேவையில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி மெசேஜ்கள்தான். எம்க்யூடிடி 1999இல் எண்ணெய்க் குழாய்களை சாட்டிலைட் வழியாகக் கண்காணிக்க உருவானது, இணைப்பு அறுந்துபோகும் என்பதை எதிர்பார்த்தே அதை எழுதியிருக்கிறார்கள். டேங்க் போர்டு சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனால், அது முன்பே கொடுத்து வைத்த "ஆஃப்லைன்" செய்தியை புரோக்கரே அனுப்பிவிடும். கீப் அலைவ் (போர்டு தான் இருப்பதைக் காட்ட வேண்டிய இடைவெளி) 20 நொடி என்றால், புரோக்கர் அதன் ஒன்றரை மடங்கு காத்திருக்கும், அதாவது சுமார் 30 நொடியில் தெரிந்துவிடும், மோட்டார் உடனே ஆஃப். தண்ணீர் அளவை மட்டும் ரீடெய்ன் (கடைசிச் செய்தியை புரோக்கர் சேமித்து வைக்கும் வசதி) போட்டு அனுப்பவில்லை, போட்டால் புரோக்கர் பழைய அளவைப் புதியது போல நீட்டும், டேங்க் வழிந்தாலும் மோட்டார் ஓடும். இதற்கும் மேலே, அதிகபட்சம் இத்தனை நிமிடம்தான் என்ற டைமர் மோட்டார் போர்டுக்குள்ளேயே இருக்கிறது, ராஸ்பெர்ரி பை படுத்துவிட்டாலும் அது நிறுத்தும். கரண்ட் போய் வந்தால் ரிலே எப்போதும் ஆஃபில்தான் தொடங்கும்.

இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஓட விட்டுப் பார்த்தேன், டேங்க் நிரம்பியது, மோட்டார் தானாக நின்றது. அவ்வளவு சந்தோஷம்!

அடுத்தது சம்ப் காலியாக இருக்கும்போது மோட்டார் வறண்டு ஓடுவதைப் பிடிக்க வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் கரண்ட் குறையும், அதை அளக்க, வயரைச் சுற்றி மாட்டும் சிடி கிளாம்ப் சென்சார் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ரீடிங் எடுத்ததும் எழுதுகிறேன்.